இறால் தோண்டிய வளை கல்லான கதை: வாசகர் கேள்வி-பதில்

போன இதழில் ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, கடலடி மண்ணில் ஓர் இறால் தோண்டிய வளை கோடிக்கணக்கான ஆண்டுகள் கழித்தும் பாறைக்குள் அப்படியே இருக்கும் என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்களே இந்த மாதம் பகுதி முழுவதையும் பிடித்துக்கொண்டன. பாதிக்கு மேல் மலையகத்திலிருந்து வந்தவை. கடற்கரைக்கு ஒரு நாள் பஸ்ஸில் போகவேண்டிய ஊர்களிலிருந்து கடலடி உயிரைப் பற்றி இத்தனை பேர் கேட்டது எனக்குப் பெரிய சந்தோஷம்.

கேள்வி: எங்கள் தோட்டத்துக்கு மேலே ரோட்டை அகலமாக்க மலையை வெட்டினார்கள். வெட்டிய செம்மண் சுவரில் விரல் தடிப்புக்குக் குழாய் குழாயாக ஏதோ நீட்டிக்கொண்டு நிற்கிறது. வெளியே துருப்பிடித்த இரும்பு போலக் கெட்டி, உள்ளே பொடிமண். "இந்த மலையெல்லாம் ஒரு காலத்தில் கடல், அது கடல் இறாலின் வளைதான்" என்கிறார் தாத்தா. உண்மையா?
(பாடசாலை மாணவன், ஹப்புத்தளை)

படத்தில் குழாய்க்குப் பக்கத்திலேயே ஐந்து ரூபாய்க் குற்றியை வைத்து எடுத்திருக்கிறாய், தம்பி. அதற்கு முதல் நன்றி, ஏனென்றால் அளவு தெரியாத படத்தை வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்ல முடியாது. இப்போது உன் படத்தை நீயே இன்னொரு தரம் பார். குழாய் மேலே குற்றியின் பாதி அகலம் இருக்கிறது, கீழே போகப்போக மெலிகிறது, கிளை பிரியும் இடத்தில் கிளை இன்னும் மெலிந்து கடைசியில் பென்சில் முனை அளவுக்கு வந்துவிடுகிறது. அது வேர். வேர் உயிரோடிருக்கும்போதும் செத்து உக்கிய பிறகும் மண்ணுக்குள் தண்ணீரும் காற்றும் இறங்க அதுவே வழி. மண்ணில் கரைந்திருக்கும் இரும்பு அந்த வழியைச் சுற்றி ஒட்சியேறிப் படிந்து ஓடு கட்டிவிடுகிறது. வேர் உக்கிப் போக ஓடு நிற்கிறது, நீ கண்டது அந்த ஓட்டை. ஓர் உயிர் தோண்டிய வளை இப்படி மெலியாது. அதே உடம்புதான் முன்னும் பின்னும் போய்வர வேண்டும், ஆகவே மேலிருந்து கீழ்வரை அகலம் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். இந்த ஒரு வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டால் பத்தில் எட்டுக் குழாய்களைப் பார்த்தவுடன் பிரித்துவிடலாம்.

தாத்தா சொன்னதில் ஒரு பங்கு உண்மை இருக்கிறது என்று அவரிடம் சொல். நம் மலைநாட்டுப் பாறைகளில் ஒரு பகுதி ஆதியில் நீருக்கடியில் படிந்த மணலும் சேறும்தான். ஆனால் அது ஏறத்தாழ 200 கோடி ஆண்டுகளுக்கு முந்திய கதை. அப்போது உலகத்தில் இறாலும் இல்லை நண்டும் இல்லை, மண்ணைத் தோண்டக்கூடிய எந்த விலங்குமே இல்லை. அதற்குப் பிறகு, 55 முதல் 60 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, கண்டங்கள் மோதிக் கோண்டுவானா என்ற பெருநிலம் உருவானபோது இந்தப் படிவுகள் பல கிலோமீற்றர் ஆழத்துக்குப் போய் 800 பாகைக்கும் மேற்பட்ட வெப்பத்தில் வெந்து உருமாறின. அதன் அடையாளத்தை உன் ஊரிலேயே பார்க்கலாம். செம்மண் முடிந்து கெட்டிப் பாறை தொடங்கும் இடத்தில் மாதுளை முத்து மாதிரிச் சிவப்புப் புள்ளிகள் பதிந்திருக்கிறதா என்று தேடு. அது கார்னட். அத்தனை சூட்டையும் அழுத்தத்தையும் கண்ட பாறையில் விளையும் மணி அது. அந்த மணி இருக்கும் பாறையில் இறால் வளையைத் தேட வேண்டியதில்லை.

கேள்வி: மாத்தளைப் பக்கம் சுண்ணாம்புச் சூளைகள் இருக்கின்றனவே. சுண்ணாம்புக்கல் கடலில்தானே உண்டாகும், அதிலும் கிடைக்காதா?
(வாசகி, மாத்தளை)

கிடைக்காது. அதுவும் வெந்து உருமாறிய கல்தான், சரியான பெயர் சலவைக்கல். ஒரு துண்டை உடைத்து வெயிலில் திருப்பிப் பாருங்கள், கற்கண்டு உடைந்த முகம்போல் பளிச்பளிச்சென்று மின்னும். பழைய கல் கரையாமலே உள்ளுக்குள் புதுப் பளிங்காக மாறியிருப்பதால்தான் அந்த மினுக்கம். யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் வேறு சாதி. அது மயோசின் காலத்தது, அதாவது 2 கோடியே 30 இலட்சம் ஆண்டுக்கும் 53 இலட்சம் ஆண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில் ஆழமில்லாத கடலில் படிந்தது, அதற்குப் பிறகு அடுப்பே காணாதது. அதை உடைத்தால் சிப்பி, சோகி, பவளம் எல்லாம் வடிவம் கெடாமல் வரும். வளை தேடுவதென்றால் அந்த மாதிரிக் கல்லில்தான் தேட வேண்டும்: புத்தளத்துக்கு வடக்கே அறுவாக்காலு, தெற்கே யால காட்டோரம் மினிஹாகல்கந்த, அப்புறம் குடாநாடு முழுவதும். இலங்கையின் பத்தில் ஒன்பது பங்கு நம்முடையதைப் போன்ற உருமாறிய பாறை என்பதால் மிஞ்சிய அந்த ஓரங்கள் அத்தனை அருமையானவை.

கேள்வி: ஓபியோமோர்பா என்று ஒரு பெயர், தலசினாய்டிஸ் என்று ஒரு பெயர். இவை இரண்டு வகை இறால்களா? விரிவுரையில் கேட்டும் விளங்கவில்லை.
(பல்கலைக்கழக மாணவி, பேராதனை)

விளங்காமல் போனது உங்கள் பிழையில்லை, தங்கச்சி. இது இறாலின் பெயரே இல்லை, வளையின் பெயர். தடங்களுக்கு வைக்கும் பெயர் வடிவத்தைப் பார்த்து வைப்பது, தோண்டியது யார் என்று பார்த்து அல்ல. ஒரே உயிர் இரண்டு விதமாகத் தோண்டினால் இரண்டு பெயர் வரும். இரண்டு வேறு உயிர்கள் ஒரே விதமாகத் தோண்டினால் ஒரே பெயர். பிறப்புச் சான்றிதழ்ப் பெயர் போலில்லாமல் 'ஓட்டு வீடு', 'தகர வீடு' என்று வீட்டுக்குச் சொல்கிறோமே, அது மாதிரி.

ஓபியோமோர்பாவை 1891 இல் சுவீடனில் லுண்ட்கிரென் என்பவர் பெயரிட்டார். 'பாம்பு வடிவம்' என்று பொருள். அதில் பேர்போன இனத்துக்கு நொடோசா, முடிச்சு முடிச்சானது என்று பெயர். ஒரு துண்டைக் கையில் எடுத்தால் பாகற்காயைத் தடவுவது போலிருக்கும், வெளிப்புறம் முழுக்க மொட்டு மொட்டாக. உடைத்து உட்புறம் விரல் விட்டால் வழவழவென்று சாணி மெழுகிய தரை. ஏன் இப்படி? அந்த இறால் இருந்தது இளகிய மணலில். தோண்டத் தோண்டச் சரியும். அதனால் அது சேற்றையும் மணலையும் வாயருகிலுள்ள உறுப்புகளால் உருட்டி, தன் பசையைச் சேர்த்து, உருண்டை பிடித்து ஒவ்வொன்றாகச் சுவரில் அமுக்குகிறது. மணல் பக்கம் உருண்டை உருண்டையாகவே நிற்கிறது, உள்பக்கம் அதன் உடம்பு உரசி உரசி மழமழப்பாகிறது. அந்த மொட்டு ஒவ்வொன்றும் ஓர் இறால் ஒரு தடவை செய்த வேலை. ஓர் எலும்போ ஓடோ இதைச் சொல்லாது, அதனால்தான் உடம்பு கிடைப்பதைவிட வளை கிடைப்பது பெரிது என்று நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

அதே இறால் கொஞ்சம் கெட்டியான சேற்றுக்குள் இறங்கினால் சுவர் சரியாது, பூச்சும் தேவையில்லை. அப்போது வருவது தலசினாய்டிஸ். மழமழப்பான சுவர், பக்கவாட்டில் வலை பின்னினாற்போல் பரவும், கவைக்கம்பு போல இரண்டாகப் பிரியும், பிரியும் இடத்தில் சற்று வீங்கியிருக்கும். அந்த வீக்கம் இறால் திரும்பிக்கொள்ளும் இடம். தலசினா என்ற சேற்று இறால் வகை இந்தியப் பெருங்கடல், மேற்குப் பசிபிக் கரைகளின் கண்டல் காடுகளில் இன்றும் ஆள் உயர மண்மேடு கட்டி வாழ்கிறது, பெயர் அதைப் பார்த்து 1944 இல் ஏரன்பேர்க் வைத்தது. சில சமயம் ஒரே வளை மேலே மணலில் ஓபியோமோர்பாவாகவும், கீழே சேற்றில் தலசினாய்டிஸாகவும், இடையில் திருகாணி போலச் சுழன்று ஜைரோலித்தஸாகவும் இருக்கும். ஒரு வீடு, மூன்று பெயர். பரீட்சையில் இதை எழுதுங்கள்.

இன்றைய உயிர்களில் இதைத் தோண்டுவது எது என்று கேட்டால், அமெரிக்காவின் தென்கிழக்குக் கரையில் கலிகிரஸ் மேஜர் என்ற மெல்லிய உடம்புக்கார இறால் இருக்கிறது. ஒரு கை பெரிது, ஒரு கை சிறிது, உடம்பு பாதி ஒளி ஊடுருவும். அதன் வளைகளையும் பழைய ஓபியோமோர்பாவையும் பக்கத்தில் வைத்து 1964 இல் வைமரும் ஹோய்ட்டும் ஒப்பிட்டுக் காட்டினார்கள். வளையின் வாய் மட்டும் ஒடுக்கம், உள்ளே போனால் அகலம், ஆழம் ஓர் ஆள் உயரத்தைத் தாண்டும். வயிற்றடித் துடுப்புகளை அடித்து அடித்து மேலிருந்து நல்ல தண்ணீரை உள்ளே இழுக்கிறது. கழிவை அதே நீரோட்டத்தில் வெளியே தள்ளிவிடுகிறது. அந்தக் கழிவுத் துணுக்குகளும் கல்லாகின்றன, ஃபவ்ரைனா என்று பெயர். குறுக்கே வெட்டி நுணுக்குக்காட்டியில் பார்த்தால் நீளவாக்கில் ஓடிய நுண்ணிய கால்வாய்களின் வாய்கள் ஒழுங்காக வரிசைபிடித்து நிற்கும். இந்த வகை உயிர்களின் குடல் மட்டுமே அந்தக் கோலத்தைப் போடும்.

கேள்வி: அப்படியானால் வளைக்குள் ஏன் இறாலே கிடைப்பதில்லை?
(வாசகர், நாவலப்பிட்டி)

எப்போதாவது கிடைக்கிறது. ஆனால் பெரும்பாலும் கொடுக்கு மட்டும்தான். மற்ற உடம்பெல்லாம் வெங்காயச் சருகுபோல் மெல்லிய தோல், செத்தால் சில நாளில் உக்கிவிடும். கொடுக்கில்தான் சுண்ணாம்புச் சத்து நன்றாக ஏறியிருக்கிறது.

கேள்வி: எட்டு வயது மகள் கேட்கிறாள், "ஓட்டைக்குள்ள ஒன்றுமே இல்லையே அம்மா, ஒன்றுமில்லாதது எப்படிக் கல்லாகும்?" கொழுந்து நிறுத்துவிட்டு வந்த களைப்பில் எனக்குப் பதில் வரவில்லை.
(ஒரு தாய், ஹட்டன்)

இந்தக் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். பெரியவர்கள் யாரும் கேட்காத கேள்வி இது, பிள்ளைக்கு என் அன்பைச் சொல்லுங்கள். அடுத்த தடவை புட்டு அவிக்கும்போது அவளைப் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். வெறும் குழலுக்குள் மாவைப் போடுகிறோம், அவிந்ததும் தள்ளுகிறோம், குழலின் உள்வடிவம் அப்படியே புட்டாக வந்து விழுகிறது. இறால் விட்டுப் போன வளைக்குள் மேலிருந்து வேறு மணலோ சேறோ இறங்கி நிறைகிறது. அதன்மேல் மண் மேல் மண்ணாக ஏறி அமுக்க, நிலத்தடி நீரில் கரைந்து வரும் சுண்ணாம்பும் சிலிக்காவும் இரும்பும் மணிகளுக்கிடையே படிந்து ஒட்டவைக்கின்றன. வளைக்குள் விழுந்த மண் சுற்றியுள்ள மண்ணைவிடச் சற்று வேறாக இருப்பதால் அது வேறு விதமாக இறுகுகிறது, பெரும்பாலும் இன்னும் கெட்டியாக. பிறகு மழையும் காற்றும் சுற்றியுள்ளதை அரித்துவிட, வளை கம்பிபோல் துருத்திக்கொண்டு நிற்கிறது. சில இடத்தில் வளையை நிறைத்தது முழுக்க வேறு கல்லாகவே மாறிவிடும். இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள வெள்ளைச் சுண்ணக் குன்றுகளில் விரல் விரலாக, கொம்பு கொம்பாகக் கறுத்த சிக்கிமுக்கிக் கற்கள் கிடைக்கின்றனவே, அவற்றில் பல இந்த வளைகளுக்குள் சிலிக்கா இறுகி உண்டானவைதான்.

ஆராய்ச்சிக்காரர்களும் புட்டுக் குழல் வேலைதான் செய்கிறார்கள் என்று மகளிடம் சொல்லுங்கள். 1968 இல் யூஜின் ஷின் புளோரிடா, பஹாமாஸ் கடலடியில் உயிருள்ள வளைகளுக்குள் திரவ ரெசினை ஊற்றி, இறுகிய பிறகு தோண்டி எடுத்து, கண்ணுக்குத் தெரியாத அந்த வீட்டின் முழு உருவத்தையும் வெளியே கொண்டுவந்தார்.

கேள்வி: முதன்முதலில் இது இறால் வளை என்று கண்டவர் யார்?
(வாசகர், பதுளை)

ஒருவரைக் கைகாட்ட முடியாது. 19ஆம் நூற்றாண்டில் இப்படிக் கிளைவிட்ட படிவங்களைக் கடற்பாசி என்றே பலர் எழுதிவைத்தார்கள், கிளை இருந்தால் செடிதானே என்ற நினைப்பு. அதை உடைத்ததில் பெரிய பங்கு சுவீடன்காரரான நாத்தோர்ஸ்ட்டுக்கு. 1881 இல், ஈரச் சேற்றின் மேல் சிற்றுயிர்கள் ஊர்ந்த தடங்களைப் பழைய 'பாசி'களோடு ஒப்பிட்டு, இவற்றில் பல செடியே இல்லை, ஊர்ந்த தடம் என்று காட்டினார். இத்தனைக்கும் அவர் படித்தது தாவரப் படிவங்களை. தன் துறைப் பொருள் என்று எல்லாரும் சொன்னதை இது என்னுடையதில்லை என்று எடுத்துக் கொடுத்த அந்த நேர்மையில் எனக்குப் பெரிய மதிப்பு உண்டு.

கேள்வி: அண்ணன் வினிப்பெக்கில் இருக்கிறான். அங்கே மானிட்டோபா சட்டமன்றக் கட்டடச் சுவர்க் கல்லில் கிளை கிளையாகப் பழுப்பு நிறக் கோலம் என்று படம் அனுப்பினான். இதுவும் அதுதானா?
(வாசகி, நுவரெலியா)

அதேதான், தலசினாய்டிஸ் வகை. அந்தக் கல்லுக்கு டின்டல் கல் என்று பெயர், வினிப்பெக்கிலிருந்து கிட்டத்தட்ட 40 கிலோமீற்றர் தள்ளி கார்சன் என்ற ஊரில் வெட்டியெடுப்பது. ஒட்டாவா நாடாளுமன்றக் கட்டடத்துக்குள்ளும் இருக்கிறது. வயது ஏறத்தாழ 45 கோடி ஆண்டு. வளைக்குள் இருந்த மண் வேறு கனியமாக மாறியதால் நிறம் அடர்ந்து தெரிகிறது. ஆனால் ஒரு விஷயம். இறாலும் நண்டும் சேர்ந்த பத்துக்காலிக் குடும்பத்தின் மிகப் பழைய படிவங்களே 36 கோடி ஆண்டளவில்தான் வருகின்றன, ஆகவே அண்ணன் தொட்டுப் பார்க்கும் வளையை இன்றைய இறாலின் முப்பாட்டன் தோண்டியது என்று சொல்ல முடியாது. வேறு ஏதோ ஒரு கணுக்காலியாக, அதாவது பூச்சி, நண்டு போல மூட்டு மூட்டான கால் உள்ள உயிராக, இருக்கலாம் என்கிறார்கள், வழக்கு இன்னும் முடியவில்லை. வடிவத்துக்கு மட்டும் பெயர் வைப்பது ஏன் நல்லது என்று பேராதனைத் தங்கச்சிக்கு இப்போது இன்னும் நன்றாக விளங்கும்.

கேள்வி: இந்தப் படிவங்களால் மனிதனுக்கு என்ன உபயோகம்?
(வாசகர், பண்டாரவளை)

தண்ணீர். மியாமி நகரப் பகுதிக்குக் குடிநீர் தருவது பிஸ்கேன் என்ற நிலத்தடி நீர்ப்படுகை. அதன் சுண்ணக்கல்லில் சில படைகள் கடற்பஞ்சு மாதிரித் துளைத்திருக்கின்றன, அந்தத் துளைகளில் பெரும்பகுதி ஓபியோமோர்பா வகை வளைகளும் அவற்றைச் சுற்றிக் கரைந்த இடங்களும். மேலேயுள்ள மியாமி சுண்ணக்கல் படிந்து சுமார் 120,000 ஆண்டுதான் ஆகிறது. அன்றைக்கு இறால் மூச்சுவிட இழுத்த தண்ணீர் போன வழியில்தான் இன்றைக்கு ஒரு நகரம் குடிக்கும் தண்ணீர் போகிறது. பீலித் தண்ணீரில் வளர்ந்தவர்கள் நாம், மலை தண்ணீரை எங்கே வைத்திருக்கிறது எப்படி விடுகிறது என்ற கேள்வி நமக்கு அந்நியமில்லை. ஆனால் தண்ணீர் வேகமாக ஓடும் வழியில் அழுக்கும் அதே வேகத்தில் ஓடும், அதனால் அங்கே இந்த வளைகளை ஒவ்வொன்றாக அளந்து படம் போடுகிறார்கள். எண்ணெய்க் கிணறுகளிலும் இதே கதை.

இன்னொன்று, பழைய கரையைக் காட்டும். மொட்டுச் சுவர் வளைகள் நெருக்கமாக இருந்தால் அலையடித்த ஆழமில்லாத மணற்கடல் என்று நினைக்க இடமுண்டு. ஆனால் ஆழ்கடல் மணலிலும் ஓபியோமோர்பா கிடைத்திருக்கிறது, ஆகவே வளை ஒன்றை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது, பக்கத்தில் என்ன சிப்பி, மணல் எப்படிப் படிந்திருக்கிறது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

கேள்வி: தமிழ் பேசும் ஊர்களில் எங்கே போய்ப் பார்க்கலாம்?
(ஆசிரியர், தலவாக்கலை)

தமிழ்நாட்டில் அரியலூர். டைனோசர் காலத்தின் பின்பகுதியில், கிரெத்தேசியஸ் காலத்தில், அது கடல். அம்மனைற்று என்ற அழிந்துபோன கடலுயிரின் சுருள் ஓடுகளோடு ஓபியோமோர்பா, தலசினாய்டிஸ் என்ற இரண்டு வகை வளைகளும் அங்கே பதிவாகியிருக்கின்றன. அந்தப் படைகளில் ஒரு தொகுதிக்குத் திருச்சினாப்பள்ளித் தொகுதி என்றே உலகம் முழுக்கப் பெயர். நம்மில் பலருடைய பூட்டன்மார் தோட்டத்துக்கென்று புறப்பட்டது அந்தப் பழைய திருச்சி ஜில்லாவிலிருந்துதான். அவர்கள் ஏர் ஓட்டிய கரிசலுக்கடியில் கடல் இருந்திருக்கிறது என்று நினைக்கும்போது எனக்கு உடம்பு சிலிர்க்கிறது, சேர். பிள்ளைகளை யாழ்ப்பாணச் சுற்றுலாவுக்குக் கூட்டிப்போனால் கீரிமலையில் குளித்துவிட்டு மட்டும் திரும்பாதீர்கள், வெட்டிய கிணற்றுச் சுவர்களை அரை மணி நேரம் பார்க்க விடுங்கள். துளை கண்டால் மெலிகிறதா, அகலம் மாறவில்லையா, கவையில் வீங்குகிறதா, சுவருக்குப் பூச்சு உண்டா என்று எழுதச் சொல்லுங்கள். கல்லில் கரைந்து உண்டான குழி எத்தனையோ இருக்கும், அதற்கு ஒழுங்கான அகலம் இருக்காது. உடைத்து எடுக்க வேண்டாம், படமும் அளவும் போதும்.

கேள்வி: எங்கள் லயத்துக்குக் கீழே ஓடையோரம் நண்டு வளைகள் நிறைய இருக்கின்றன. இவையும் ஒரு நாள் கல்லாகுமா?
(வாசகர், மஸ்கெலியா)

ஆகாது என்றே சொல்ல வேண்டும். வளை கல்லாக வேண்டுமென்றால் அதன்மேல் மண் வந்து படிய வேண்டும். நம் மலையோ மண்ணை விடும் இடம், ஒவ்வொரு மழைக்கும் ஓடை கரையை அரித்துக் கீழே கொண்டுபோகிறது. கடலோர நண்டுகளுக்கு அந்த அதிர்ஷ்டம் உண்டு. அறுகம்பே மணலில் கிட்டப் போனால் பறந்து மறையும் வெளிர் நண்டுகள் இருக்கின்றனவே, அந்த வகை தோண்டிய வளைகளின் படிவத்துக்கு சைலோனிக்னஸ் என்று பெயரே இருக்கிறது.

ஆனாலும் உங்கள் ஓடை நண்டைச் சாதாரணமாக நினைத்துவிடாதீர்கள். இலங்கையில் நன்னீர் நண்டு சுமார் 50 இனம் உண்டு, ஏறக்குறைய எல்லாமே உலகில் வேறெங்கும் இல்லாதவை, மலைநாட்டில் சில ஒரு சில ஓடைகளிலேயே அடங்கிவிடுகின்றன. நண்டு கொழுத்தால் வளையில் தங்காது என்பார்கள் நம் பெரியவர்கள், ஆனால் பகலில் அது வளையில்தான் இருக்கும், ஆகவே ரெசினோ சீமெந்தோ ஊற்றிப் பார்க்கும் ஆசை வேண்டாம். நீளமான ஈர்க்கு ஒன்றை மெதுவாக விட்டு எவ்வளவு ஆழம், எந்தப் பக்கம் வளைகிறது, வாசலில் மண் உருண்டை கிடக்கிறதா, தண்ணீர் மட்டத்துக்கு மேலேயா கீழேயா என்று பாருங்கள். பத்து வளைக்குக் குறித்து அனுப்பினால் அடுத்த இதழில் உங்கள் படத்தையும் ஓபியோமோர்பாவின் குறுக்குவெட்டுப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போடுகிறேன். மழை நின்ற மறுநாள் காலையில் போங்கள், உருண்டைகள் கரையாமல் அப்போதுதான் கிடைக்கும்.